கோழியின் பாதமும் அது நிற்கும் தரையும்



நகரத்தில் குடியேறிய பிறகும் கோழி வளர்க்கும் பழக்கத்தை விடாத குடும்பங்கள் நம்மில் அநேகம். வீட்டின் பின்புறத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும்; சில மாதங்களுக்குள் அங்கே ஒரு கூண்டும் ஐந்தாறு கோழிகளும் வந்துவிடும். முட்டைக்காக வளர்ப்பவர்கள் உண்டு. சொந்த ஊரின் சத்தம் ஒன்றாவது காலையில் காதில் விழட்டும் என்று வளர்ப்பவர்களும் உண்டு. எந்தக் காரணத்திற்காக வளர்த்தாலும், இந்த மாதம் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். இன்று மாலை உங்கள் கோழிகளில் ஒன்றைப் பிடித்து, அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

கொண்டையின் நிறத்தைப் பார்க்கிறோம்; இறகைப் பார்க்கிறோம்; எச்சம் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்கிறோம். உள்ளங்காலை மட்டும் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. அங்கே நடுவில், வட்டமாக, கறுத்து உலர்ந்த ஒரு பொருக்கு தென்பட்டால், அதை ஒட்டியிருக்கும் அழுக்கு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். மனிதருடைய காலில் விழும் ஆணியைப் போலத் தோன்றும் அதன் அடியில் பெரும்பாலும் சீழ் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்நோயைப் பம்பிள்ஃபுட் என்கிறார்கள். நாம் பாதப்புண் என்றே சொல்லுவோம்.

இந்நோய் எங்கள் வீட்டிற்குள் வந்த விதத்தைச் சொன்னால், அதன் காரணமும் உங்களுக்கு விளங்கும்.

என் மாமனார் மறைந்த பின்பு, 2019-ஆம் ஆண்டில், அத்தை பெங்களூருவிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, அறுபத்தெட்டு வயதுவரை அந்த மண்ணை விட்டு நகராதவர்கள். கன்னடம் ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்டால், மாலை ஐந்து மணிவரைக்கும் அவர்களோடு பேச ஆள் கிடையாது. சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது. அப்பொழுதுதான் என் கணவர் ஆறு பெட்டைக் கோழிகளை வாங்கி வந்தார். நான்கு கிரிராஜா, இரண்டு நாட்டுக்கோழி.

கோழிகள் முட்டையிடத் தொடங்கியதும் அத்தையின் நாட்கள் மாறின. அக்கம்பக்கத்துப் பெண்கள் முட்டை வாங்க வந்தார்கள். அவர்களிடமிருந்து அத்தை கற்றுக்கொண்ட முதல் கன்னடச் சொல் "மொட்டெ". பிறகு எண்கள், பிறகு நலம் விசாரிக்கும் வார்த்தைகள். முட்டை விற்ற காசைச் சிறிய எவர்சில்வர் டப்பாவில் சேர்த்துவைத்துப் பேத்தியின் நோட்டுப் புத்தகங்களுக்குக் கொடுத்தார்கள். "நானும் இந்த வீட்டுக்கு ஒண்ணு செய்யுறேன்லா" என்று ஒரு நாள் சொன்னார்கள். ஆகையால், எங்களுக்கு அந்தக் கோழிகள் வெறும் கோழிகள் அல்ல என்பதை நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், செவலை என்று அத்தை பெயரிட்டிருந்த கிரிராஜா கோழி ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கியது. தீனிக்கு ஓடி வராமல் பின்தங்கி, நொண்டி நொண்டி வந்தது. திருப்பிப் பார்த்தபோது வலது பாதம் வீங்கிச் சிவந்து, நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பொருக்கு இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிடுங்கள்" என்று பக்கத்து வீட்டார் ஆலோசனை சொன்னார்கள். அத்தை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அறுக்கிறது ஒரு நிமிச வேலைம்மா. எதனால வந்ததுன்னு தெரியாம அறுத்துட்டா, மத்த அஞ்சையும் நாளைக்கு எப்படிக் காப்பாத்துவ?" என்றார்கள்.

அந்தக் கேள்விதான் எங்களை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிற்று. அங்கிருந்த மருத்துவர் கோழியைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "இது இரவில் எங்கே அடைகிறது? காலையில் எதன்மேல் குதிக்கிறது?"

பிரியமானவர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் யாவும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பாதத்தில் தெரியும் புண் தரையில் தொடங்குகிறது. ஆகவே மருந்தைப் பாதத்தில் மாத்திரம் இட்டால் புண் ஆறினாலும் திரும்ப வரும்.

காரணத்தைக் கவனியுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி பெரும்பாலும் இந்நோயை உண்டாக்குகிறது. அது எங்கும் இருக்கிற கிருமி. நம் தோலிலும் இருக்கக்கூடும். கோழியின் உள்ளங்கால் தோல் முழுமையாக இருக்கும்வரை அது உள்ளே நுழைவது கடினம். தோலில் சிறு கீறலோ, சிராய்ப்போ, அழுத்தத்தால் ஒரு காயமோ உண்டாகும்போது அதற்கு வழி திறக்கிறது. கிராமத்து மண் தரையில் காலால் கிளறித் திரியும் கோழிக்கு அந்த ஆபத்து குறைவு. நகரத்துக் கோழியோ சிமெண்டின்மேல் நிற்கிறது. எங்கள் பின்புறமும் அப்படியே. வீடு கட்டியபோது சிந்திய ஜல்லி ஆங்காங்கே சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு முள்ளைப்போல் நீட்டியிருந்தது. கோழிகள் இரவில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அடைந்து, விடியற்காலையில் நான்கடி உயரத்திலிருந்து அதன்மேல் குதித்தன.

உடல் எடையும் ஒரு காரணம். கிரிராஜா பெங்களூருவிலுள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனம், ஐதராபாத்தில் உருவான வனராஜாவைப்போல வீட்டுப்புற வளர்ப்புக்கு ஏற்றது, நோயைத் தாங்கும், நன்றாக வளரும். ஆனால் நாட்டுக்கோழியைவிட மிகவும் கனமானது. அந்தக் கனம் முழுவதும் குதிக்கும்போது இரண்டு பாதங்களின்மேல் விழுகிறது. எங்கள் ஆறு கோழிகளையும் அன்று மாலை திருப்பிப் பார்த்தோம். இன்னும் ஒரு கிரிராஜாவுக்குப் பாதம் சிவந்திருந்தது. நாட்டுக்கோழிகள் இரண்டுக்கும் ஒன்றுமில்லை.

மூன்றாவது காரணம் ஈரம். ஈரத்திலும் எச்சத்திலும் நாள்முழுவதும் நிற்கும் பாதத்தின் தோல் ஊறி மென்மையாகிறது. நான்காவது காரணம் உணவு. மிஞ்சிய சோற்றை மாத்திரம் தின்னும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைவுபடும். அது குறைந்தால் தோல் பலவீனமாகும்.

இனி வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். எங்கள் செவலைக்கு மருத்துவர் கற்றுக்கொடுத்து, நாங்கள் செய்த முறை இது.

முதலாவது, கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, உலர்ந்த மெத்தென்ற இடத்தில் விடுங்கள். ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் உமியோ மரத்தூளோ பரப்பினால் போதுமானது. அடைவதற்கு உயரமான இடம் ஒன்றும் அதற்குள் இருக்கக்கூடாது.

இரண்டாவது, இருட்டுகிற நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். அப்பொழுது கோழி அமைதியாக இருக்கும். ஒரு துண்டினால் இறக்கைகளையும் கண்களையும் மூடிச் சுற்றிக்கொள்ளுங்கள். மார்பை இறுக்கிப் பிடிக்கவேண்டாம். நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை; மார்பெலும்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். கையுறை அணிந்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி மனிதருடைய காயத்தின் வழியாகவும் உள்ளே செல்லக்கூடும். விரலில் வெட்டுக்காயம் உள்ளவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. சமையலறைத் தொட்டியில் ஒருபோதும் செய்யாதீர்கள். இதற்கென்று ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பை ஒதுக்கிவையுங்கள்.

மூன்றாவது, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதங்கள் மூழ்கும்படி பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். இது மருந்துக் கடைகளில் கிடைக்கும். சமையல் உப்பு அல்ல. கோழி அந்த நீரைக் குடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், குடித்தால் பேதியாகும்.

நான்காவது, பாதத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்தி, பொவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீரில் கலந்து, வெளிர்ந்த தேநீர் நிறத்தில் எடுத்து, புண்ணைக் கழுவுங்கள். அதன்மேல் மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவி, காஸ் துணியை வைத்து, விரல்களுக்கு நடுவே மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்டுங்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் விரல்கள் வீங்கும். மறுநாள் காலையில் அதைக் கவனிக்கவேண்டும். எங்கள் வீட்டில் பார்சலோடு வந்த ஸ்பாஞ்சை வளையமாக வெட்டி, புண் அதன் நடுத் துவாரத்தில் அமையும்படி வைத்துக் கட்டினோம். அப்பொழுது கோழி நிற்கும்போது புண்ணின்மேல் பாரம் விழவில்லை. நாள்தோறும் கட்டை அவிழ்த்து, மறுபடியும் ஊறவைத்து, புதுத் துணியால் கட்டவேண்டும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அத்தையும் அதையே கேட்டார்கள். மருத்துவர் அதைப் பரிகசிக்காமல் பதில் சொன்னார். கோழியின் சீழ் நம்முடைய சீழைப்போல நீராக வடியாது. அது இறுகிப் பன்னீர்க்கட்டியைப்போல் ஆகி, உள்ளே வேர்விட்டதுபோல் உட்கார்ந்துவிடும். மேலே தடவுவது எதுவாக இருந்தாலும் அந்தக் கட்டியின் உள்ளே எட்டாது. பிதுக்கினாலும் வராது, பிதுக்குகிறபோது கிருமி இன்னும் ஆழத்திற்குத் தள்ளப்படும்.

அப்படியானால் அந்தக் கட்டியை நாமே கத்தியால் வெட்டி எடுக்கலாமா? வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். சவர பிளேடினால் அறுத்தெடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கோழி கத்துவதில்லை என்பதனால் அதற்கு வலியில்லை என்று எண்ணிவிடக்கூடாது. வலியை மறைப்பது பறவைகளின் இயல்பு. பலவீனத்தைக் காட்டும் பறவை எதிரிகளின் கண்ணில் முதலாவது படும். மேலும், பாதத்தில் நரம்புகளும் தசைநாண்களும் மிக அருகருகே இருக்கின்றன. சில நாட்கள் ஊறவைத்தபின் பொருக்கு தானாகத் தளர்ந்து வந்தால், மெல்ல எடுத்துவிடுங்கள். வராவிட்டால் அது மருத்துவருடைய வேலை. செவலைக்கு ஐந்து நாள் ஊறவைத்தபின், ஆறாம் நாள் மருத்துவர் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி, கடலைப்பருப்பு அளவுள்ள மஞ்சள் கட்டியை எடுத்தார். அதன்பின் பதினாறு நாள் கட்டுப் போட்டோம். இருபத்திரண்டாம் நாள் அது இரண்டு காலையும் ஊன்றி நின்றது.

நோய்க்கிருமிக்கு எதிரான மாத்திரைகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கோழித் தீனியில் கலக்காதீர்கள். அளவு தவறினால் கிருமி அழியாமல் பலமடையும். பிறகு அதே மருந்து நம் பிள்ளைகளுக்கும் வேலை செய்யாமல் போகலாம். இந்த ஆபத்தின் நிமித்தமே, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு 2019-ஆம் ஆண்டில் தடைசெய்தது. மருத்துவர் மருந்து எழுதினால், "எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது?" என்று கட்டாயம் கேளுங்கள். அவர் சொன்ன நாள்வரை செவலையின் முட்டைகளை அத்தை ஒன்றையும் விற்கவில்லை, வீட்டிலும் எடுக்கவில்லை. "காசு போனா வரும், வாங்குறவ என்னை நம்பித்தானே வாங்குறா" என்றார்கள்.

எல்லாப் புண்ணும் ஆறும் என்று நான் உங்களிடம் சொன்னால் அது உண்மையாகாது. செவலை குணமானதைக் கேள்விப்பட்டு, எங்கள் தெருவிலுள்ள மற்றொரு குடும்பத்தார் தங்கள் கோழியை அத்தையிடம் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய எட்டு வயது மகள் அதை மடியில் வைத்திருந்தாள். அதன் பாதம் மாத்திரமல்ல, கணுவுக்கு மேலேயும் வீங்கிச் சூடாயிருந்தது. தீனியை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அத்தை தொட்டுப் பார்த்து, "இது நம்ம கைக்கு மிஞ்சினது, கண்ணு" என்று சொல்லி, அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்றார்கள். கிருமி தசைநாணையும் எலும்பையும் பிடித்துவிட்டது, இனி மருந்து கொடுப்பது வலியை நீட்டிப்பதாகவே இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். பிள்ளையின் தகப்பனார் சம்மதித்தபின், வலியில்லாமல் அதன் உயிரை முடித்தார்கள். ஊசி போடுகிறவரைக்கும் அந்தப் பிள்ளையின் கையும் அத்தையின் கையும் கோழியின் முதுகின்மேல் இருந்தன. வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை.

ஒரே நோய்தான். ஒன்று மிளகளவில் காணப்பட்டது. மற்றொன்று எலும்பை எட்டியபின் காணப்பட்டது. இடையில் உள்ள வித்தியாசம் சில வாரங்கள் மாத்திரமே. ஆகையால்தான் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டேன். பாதம் சிவந்திருந்தாலோ, சிறு பொருக்கு இருந்தாலோ, கோழி நன்றாகத் தின்றுகொண்டிருந்தாலோ, வீட்டில் தொடங்கலாம். வீக்கம் விரல்களுக்கோ கணுவுக்கோ ஏறினாலும், பாதம் சுட்டாலும், கோழி தின்னாமல் ஒடுங்கினாலும், மூன்று நான்கு நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வேறு நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்திருந்தால், அது செதிலுக்கடியில் வாழும் உண்ணியின் வேலை. அதற்கு வேறு மருத்துவம் உண்டு. கால்களில் இரத்தம் கட்டியதுபோல் நிறம் மாறி, முகமும் கொண்டையும் வீங்கி, கோழிகள் அடுத்தடுத்துத் திடீரென்று இறந்தால், அதற்குக் கைவைத்தியம் கூடவே கூடாது. பறவைக் காய்ச்சல் 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் பலமுறை வந்திருக்கிறது. இறந்த கோழியைத் தொடாமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக, தரையைப்பற்றி. எங்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, நீட்டிக்கொண்டிருந்த ஜல்லியை உளியால் தட்டி, அதன்மேல் மெல்லிய பூச்சுப் பூசினோம். மர அறுவை ஆலையிலிருந்து மூட்டை மரத்தூள் வாங்கி, மூன்று அங்குலக் கனத்தில் பரப்பினோம். ஈரமான இடத்தை அன்றன்று அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கோழி ஏறாதபடி வலை கட்டி, அதற்குப் பதிலாக இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தின் கூர்முனைகளை இழைத்து உருட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பொருத்தினோம். இரும்புக் குழாயைப் பயன்படுத்தவேண்டாம், வழுக்கும், குளிரும். சோற்றோடு முருங்கைக் கீரையும், காய்கறிக் கடையில் ஒதுக்கும் கேரட் துண்டுகளும் சேர்த்தோம். செலவு முழுவதையும் கூட்டினால் ஒரு புதுக் கோழியின் விலைக்குச் சற்றே அதிகம். நோய்ப்பட்ட கோழியை அறுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தால், அந்தப் புதிய கோழியும் அதே ஜல்லியின்மேல்தான் குதித்திருக்கும்.

அன்பானவர்களே, ஊரிலிருந்து நாம் கோழியைக் கொண்டுவந்துவிடலாம். அந்த மண்ணைக் கொண்டுவர இயலாது. அதற்குப் பதிலாக ஒரு மூட்டை மரத்தூளையும், இழைத்த ஒரு மரச்சட்டத்தையும், வாரத்திற்கு ஒரு முறை பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் ஐந்து நிமிடத்தையும் கொடுக்க நம்மால் இயலும். சனிக்கிழமை மாலையை அதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். துண்டைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் இருப்பாரானால், கோழியைப் பிடித்துத் தரும்படி முதலாவது அவரையே கேளுங்கள்.